கடைசி மாதத்து ஒன்றரைக் கிலோ

ஜனவரி 14

இந்த நோட்டு கால்நடை டாக்டர் ஹெப்சிபா கொடுத்தது. "தீவனம் எவ்வளவு, எடை எவ்வளவு, வேற என்ன கவனிச்சீங்களோ எல்லாம் எழுதுங்கம்மா" என்றார். முதல் இரண்டுக்கும் தினம் இரண்டு வரி போதும். மூன்றாவதுக்கு இந்த நோட்டே காணாது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

முதலிலிருந்தே எழுதிவிடுகிறேன். குலசேகரத்திலிருந்து உள்ளே, ரப்பர் மரங்களுக்கு நடுவில் எங்கள் வீடு. கீழே பள்ளத்தில் பன்றிக் கொட்டகை. ஆறு தாய்ப்பன்றிகள், எல்லாம் வெள்ளை. ஒன்றுக்கு இடது காதில் பாதி இல்லை, அது மூளி. இன்னொன்று வயிற்றைத் தள்ளிக்கொண்டு யாரையும் மதிக்காமல் நடக்கும், அது தாசில்தார். மற்ற நான்குக்கும் காதில் மாட்டிய நம்பர்தான் பெயர்.

போன ஜூனில் இவர், என் வீட்டுக்காரர், பலாச் சக்கை பறிக்க மரத்தில் ஏறி, சக்கைக்கு முன்னால் தாம் விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். மூன்று மாதம் கட்டு. கொட்டகை என் பொறுப்பாயிற்று. அதுவரை தீவனப் பக்கம் இவர் யாரையும் விட்டதில்லை. கொட்டகைக் கதவில் இவர் கையால் எழுதிய அட்டை தொங்குகிறது: "சினை மூன்று மாதம் வரை இரண்டரைக் கிலோ. கடைசி மாதம் ஒன்றரை." இது என் மாமியாருடைய சட்டம். 'கடைசி மாசம் வாயைக் கெட்டு, உள்ள கெடக்கது சின்னதா இருந்தாத்தான் லேசாப் பெறக்கும்' என்பார். பன்றிக்கும் அதுதான், மருமகளுக்கும் அதுதான். நான் தராசில் நிறுத்து, அட்டையில் உள்ளபடி அப்படியே போட்டேன்.

ஆகஸ்டில் ஆறும் குட்டி போட்டன. ஐம்பத்தேழு. முக்கால்வாசி ஒரு கிலோவுக்குள். கீரைக்கட்டு மாதிரி இரண்டு விரலில் தூக்கிவிடலாம். பத்து நாளில் இருபத்திரண்டைக் குழி வெட்டிப் புதைத்தேன். பிழைத்தவையும் வளரவில்லை. வாங்க வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, சாயா குடித்துவிட்டுப் போனார்கள்.

தம்பி காலைப் பார்க்க வந்து மூன்று மாதமும் எங்களோடு இருந்த தங்கபாய் மைனி, இவருடைய அக்கா, ஒரே வார்த்தையில் முடித்தார். "எல்லாம் கைராசியாக்கும். அம்மாவுக்க சட்டத்துல இருவது வருசம் குட்டி கொழுகொழுன்னு வந்துது. கை மாறிச்சு, போச்சு."

இருபது வருடம் நன்றாக வந்தது உண்மை. கை மாறியதும் உண்மை.

ஜனவரி 15

நேற்றுச் சொல்ல விட்டது. டாக்டர் வேறு மாதிரி சொல்கிறார். "குட்டி எடை போடுறதே கடைசி மாசத்துலதான். அப்ப மூணு கிலோ கொடுக்கணும், குறைக்கக் கூடாது." இவர் ஒத்துக்கொள்ளவில்லை. "இருவது வருசம் எப்பிடி நல்லா வந்துது டாக்டர்?" என்று கேட்டார். டாக்டர் இரண்டையும் போட்டுப் பார்த்துவிடலாம் என்றார். அதனால்தான் இந்த ஏற்பாடு. ஆறும் ஒரே வாரம் சினைப்பட்டவை, நேற்று கடைசி மாதம் தொடங்கிவிட்டது. மூளி, தாசில்தார், 14 மூன்றும் இவர் பொறுப்பு, அட்டைப்படி ஒன்றரை. 9, 11, 17 என் பொறுப்பு, டாக்டர் சொன்னபடி மூன்று.

இவருடைய மூன்றும் ஆகஸ்டு மாதிரி நோஞ்சானாகப் போட்டால் குற்றம் அட்டையில். நன்றாகப் போட்டால் குற்றம் என்னில். இவ்வளவுதான் விஷயம்.

ஜனவரி 17

என் மூன்று: மூன்று கிலோ. இவர் மூன்று: ஒன்றரை. தண்ணீர் சரி. என்னுடையவை தின்னத் தொடங்கும்போதே இவருடையவை தின்று முடித்துவிடுகின்றன. பிறகு கம்பிக்கு இந்தப் பக்கம் மூக்கை நீட்டி நிற்கும். தாசில்தார் கூட.

ஜனவரி 19

கடலைப் புண்ணாக்கு மூட்டை இருக்க வேண்டியதைவிட இறங்கியிருக்கிறது. எலி.

ஜனவரி 21

கோவிலில் பெண்கள் ஐக்கியக் கூட்டம் முடிந்து நான்கு மணிக்கு வந்தேன். இவர் பள்ளத்திலிருந்து கம்பை ஊன்றி ஏறி வந்துகொண்டிருந்தார். ரப்பர் ஷீட் காய்கிறதா என்று பார்க்கப் போனாராம். ஷீட் காய்வது வீட்டுக்குப் பின்னால், புகைப்புரையில். "காலுக்கு நடை நல்லதுன்னு எலும்பு டாக்டர் சொன்னாருல்லா" என்றார். நல்லது. காலுக்கு இத்தனை அக்கறை வந்ததே.

ஜனவரி 24

எலிப்பொறி வைத்தேன். உள்ளே கருவாட்டுத் துண்டு. எலி வரவில்லை. பக்கத்து வீட்டுப் பூனை வந்து கருவாட்டை இழுத்துக்கொண்டு போனது.

ஜனவரி 26

மூளிக்கு இவர் இருமல் தெரிகிறது. இவர் மேலே முற்றத்தில் இருமினால் கீழே அது எழுந்து நிற்கிறது. ஒன்றரைக் கிலோ போடுகிற மனிதர் மேல் இத்தனை பாசம். மூன்று கிலோ போடுகிற என்னைக் கண்டால் 17 திரும்பிப் படுக்கிறது. பன்றியிடமும் எனக்கு இந்த மரியாதைதான்.

ஜனவரி 28

இன்று மட்டி வாழைப்பழத் தொலி நாலைந்து என் கையிலிருந்து கீழே விழுந்தது. விழுந்த இடம் மூளி நிற்கும் இடம். அது எடுத்துக்கொண்டது. தொலியைத் தீவனக் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்று தெரியவில்லை.

ஜனவரி 30

தொலி விழுந்தது. இரண்டு பழமும்.

பிப்ரவரி 1, ஞாயிறு

கோவிலில் ஆராதனை முடிந்து மைனியும் அவருடைய மருமகள் அஜிதாவும் சாப்பிட வந்தார்கள். அஜிதாவுக்கு இது இரண்டாவது. ஏழு மாதம். முதல் பிரசவம் அவள் அம்மா வீட்டில், அதனால் தப்பித்தாள். இது மைனி வீட்டில். கணவன் ஜெபராஜ் கத்தாரில் இருக்கிறான்.

ஆப்பமும் கோழிக்கறியும் வைத்தேன். இரண்டாவது ஆப்பத்தை அஜிதா எடுத்தபோது மைனி தட்டைப் பார்க்காமலேயே சொன்னார், "மதி, போதும். அடுத்த மாசத்திலருந்து இன்னும் கொறைக்கணும், இப்பமே பழகிக்க." அந்தப் பெண் ஆப்பத்தைத் திரும்பப் பாத்திரத்தில் வைத்தது. நான் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கைராசி இல்லாதவள் எந்த வாயால் பேசுவது?

அவர்கள் போன பிறகு பாத்திரம் கழுவும்போது என் ஷைனி வயிற்றில் இருந்த காலம் நினைவுக்கு வந்தது. எனக்கு அம்மா இல்லை, அதனால் முதல் பிரசவமும் மாமியார் வீட்டில்தான். காலையில் கஞ்சி, இரவில் அதே கஞ்சியில் மிச்சம். ஆனால் தினம் ரப்பர் பால் வெட்டிவிட்டு வரும்போது இவர் துவைகல்லுக்குப் பின்னால் வந்து நிற்பார். சட்டைப் பையில் அவித்த முட்டை இரண்டு. சில நாள் வாழையிலையில் மரச்சீனிக் கிழங்கும் மீன் துண்டும். "வேகம் தின்னு, அம்மா வருவா." ஷைனி மூன்று கிலோ இருநூறு இருந்தாள். மாமியார் அவளைத் தெரு முழுக்கக் காட்டி, 'எனக்க சட்டம் எப்பிடி' என்றார். அவர் சாகும்வரை நாங்கள் சொல்லவில்லை. மனிதரிடம் எனக்கு ஆயிரம் கோபம் இருக்கலாம். அந்த முட்டைகளை நினைத்தால் பாதி போய்விடும்.

புண்ணாக்கு இன்னும் இறங்குகிறது. இந்த எலி சரியான தீனிப்பண்டாரம்.

பிப்ரவரி 3

தொலி.

பிப்ரவரி 8, ஞாயிறு

கோவிலில் முழங்காலில் நின்றேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. இவருடைய குட்டிகள் நோஞ்சானாகப் பிறந்தால்தான் என் பெயர் மீளும். அதற்காக நோஞ்சான் குட்டி வேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்க முடியுமா? குழி வெட்டினவள் நான். கேட்க வாய் வரவில்லை. கேட்காமல் இருக்கவும் மனம் வரவில்லை. கடைசியில் ஷைனிக்கு பெங்களூர் ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டி கிடைக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு எழுந்தேன்.

பிப்ரவரி 12

மூளிக்கு மடி இறங்கிவிட்டது. வாயில் வைக்கோலைக் கவ்விக்கொண்டு மூலைக்கு மூலை நடக்கிறது. சாக்கு, வெந்நீர், அயோடின், தொப்புள்கொடி கட்ட நூல் எல்லாம் தயார்.

பிப்ரவரி 13

காலை ஒன்பது மணிக்கு மூளி. பதினொன்று. நான்தான் பிடித்தேன், இவர் துடைத்தார். முதல் குட்டி கையில் விழுந்ததுமே தெரிந்தது. கனம். தராசில் ஒன்று நானூறு. அடுத்தது ஒன்று முந்நூறு. ஒவ்வொன்றும் விழுந்த உடனே எழுந்து, வழுக்கி, மடியைத் தேடிப் போனது. சந்தோஷமாக இருந்தது. உண்மையாகவே சந்தோஷம். ஒன்பதாவது குட்டி வரைக்கும் வேறொன்றும் தோன்றவில்லை. பத்தாவதைத் துடைக்கக் கொடுக்கும்போதுதான், நான் தோற்றுவிட்டேன் என்பது உறைத்தது.

இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 15

ஆறும் முடிந்தது. இவருடைய மூன்றும் சேர்ந்து முப்பத்தொன்று. என் மூன்றும் முப்பது. இரண்டு பக்கமும் சராசரி ஒன்று நானூறுக்குப் பக்கம். செத்தது மொத்தம் இரண்டு. ஓடி விளையாடுகிற ஐம்பத்தொன்பது குட்டியை ஒரே இடத்தில் பார்ப்பது கண்ணுக்கு விருந்து. விருந்துதான், ஆனால் என் இலையில் உப்பு கூட இல்லை.

பிப்ரவரி 16

இன்றையதை நிதானமாக எழுத வேண்டும்.

பத்து மணிக்கு டாக்டர் வந்து எல்லா எடையையும் சரிபார்த்தார். செய்தி கேட்டு மைனியும் வந்துவிட்டார். கொட்டகை வாசலில் நின்று டாக்டர் என் நோட்டையும் குட்டிகளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"வித்தியாசமே இல்லம்மா. எனக்கே புரியல. அப்ப ஆகஸ்டுல வேற ஏதோ நடந்திருக்கு. தண்ணி எப்பவாவது நின்னுச்சா? பூச்சி மருந்து விட்டுப்போச்சா? நிறுத்துத்தான் போட்டீங்களா?"

"ஒரு நாள் தவறாம நிறுத்துத்தான் போட்டேன் டாக்டர்" என்றேன். என் குரல் எனக்கே குற்றவாளி குரல் மாதிரிக் கேட்டது.

மைனிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நான் சொன்னதுதானே? எனக்க அம்மா படிக்காதவளாக்கும், ஆனா வாக்கு பொய்க்காது. நாளையிலருந்து அஜிதாவுக்கு ஒரு நேரம் கஞ்சி. மதி."

அப்போதுதான் இவர் வாயைத் திறந்தார்.

"அக்கா, அப்பிடிச் செய்யாண்டாம்."

"ஏன்?"

"அம்மாவுக்க சட்டத்த நான் ஒரு நாளும் வச்சதில்ல."

யாருக்கும் புரியவில்லை. இவர் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துச் சொன்னார். "அட்டையில எழுதினது ஒன்றரை. காலையில அத போடுவேன். மத்தியானம் யாரும் இல்லாதப்ப புண்ணாக்கும் சோளமும் கொண்டு கொடுப்பேன். மரச்சீனி உண்டும்னா அதும். இருவது வருசமும் அப்பிடித்தான். இப்பமும் அப்பிடித்தான். மூணுக்கும்."

டாக்டர் வாய் பிளந்து நின்றார். "அப்ப அந்த அட்டை எதுக்கு சார்?"

"அம்மா எழுதச் சொன்னா, எழுதினேன். பெறவு அழிக்க மனசு வரல்ல."

எலி! கருவாடு வைத்துப் பூனையை வளர்த்தேன். எனக்கு மேலெல்லாம் கொதித்தது. "நான் அத வாசிச்சுல்லா போட்டேன்? ஆகஸ்டுல நான் நிறுத்து நிறுத்துப் போடும்ப நீங்க மேல கட்டில்ல கெடந்து கேட்டுட்டுத்தானே இருந்தீங்க? ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"சொல்ல நெனச்சேன் எமிலி. அக்கா பக்கத்துலயே இருந்தா. அம்மாவ மீறினேன்னு எப்பிடிச் சொல்லுகது? பெறவு குட்டியெல்லாம் செத்துது. அதுக்குப் பெறவு சொன்னா அந்த இருவத்திரண்டும் எனக்க தலையிலல்லா வரும்."

"அதுக்கு எனக்க தலையில வச்சாச்சு!"

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். ஆறு மாதம் ஊரார் பேச்சைக் கேட்டவள் அழாமல் என்ன செய்வாள். அழுகையோடு வாயும் நிற்கவில்லை. "எனக்கு முட்ட கொண்டு தந்த ஆளுதானே நீங்க? துவைகல்லுக்குப் பின்னால ஒளிச்சு ஒளிச்சு தந்தீங்களே, மாமிக்குத் தெரியாம! அப்ப இருந்த தைரியம் இப்ப எங்க போச்சு?"

சொன்ன பிறகுதான் மைனி நிற்கிறார் என்பது நினைவு வந்தது. இருபத்திரண்டு வருடம் காத்த ரகசியத்தைப் பன்றிக் கொட்டகை வாசலில் போட்டு உடைத்துவிட்டேன்.

மைனி கோபப்படவில்லை. தீவன டிரம்மின் மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"அப்ப எனக்கு?" என்றார்.

இவர் நிமிர்ந்தார்.

"ஜெபராஜ் வயித்துல கெடக்கும்ப நானும் இந்த வீட்டுலதானே இருந்தேன். எனக்கு யாரும் ஒண்ணும் கொண்டு தரல்லியே டே. ஒன்றேமுக்கால் கிலோவுல பெத்தேன். இண்ணைக்கும் அவன் கூட்டத்துல நிண்ணா தெரியமாட்டான்."

"எனக்குப் பன்னிரண்டு வயசு அக்கா" என்றார் இவர். "ஒரு நாள் மீன்கறி வச்சு அம்மா எனக்குச் சோறு போட்டா. நீ கஞ்சித்தண்ணி கிண்ணத்த வச்சுட்டு நான் தின்னுகத பாத்துட்டு இருந்த. ஒரு வாய் கேக்கல்ல. நான் முழுசும் தின்னு கைகழுவினேன். அதுக்குப் பெறவு வயித்துப்பிள்ளக்காரி பசியோட பாத்துட்டு இருந்தா என்னால முடியாது. மனுசியானாலும் சரி, பன்னியானாலும் சரி."

மைனி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தம்பியின் தோளில் ஒரு அடி வைத்தார். பலமான அடிதான். பிறகு அந்தக் கையை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். "அம்மா, பழத்தொலி மூணு நாள் தவறி விழுந்திருக்கு. மூணு நாளும் மூளி முன்னாலயே விழுந்திருக்கு."

நான் 17-ஐப் பார்த்தேன். அது திரும்பிப் படுத்திருந்தது.

"ரெண்டு பேரும் சேர்ந்து என் சோதனையைப் பன்றிக்குத் தின்னக் கொடுத்துட்டீங்க" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆகஸ்டு எடையெல்லாம் எழுதி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். காலண்டர் தாள்களின் பின்னால் ஐம்பத்தேழும் எழுதியிருக்கிறேன் என்றேன். "அத கொண்டு வாங்க. அந்த அட்டையை ஒருத்தர் ஒழுங்கா நிறுத்துப் போட்டது அந்த ஒரு தடவைதான். இந்தக் கொட்டகையில நடந்த ஒரே ஒழுங்கான சோதனை உங்க கையால நடந்தது. ஒன்றரைக் கிலோ போட்டா என்ன ஆகும்னு அதுதான் சொல்லுது."

காலண்டரை எடுக்க மேட்டில் ஏறும்போது கால் தரையில் படவில்லை.

பிப்ரவரி 17

இவரோடு பேசவில்லை. எனக்காகத் திறக்காத வாய் அஜிதாவுக்காகத் திறந்தது என்பதை நினைக்க நினைக்க எரிகிறது. ஆனால் மத்தியானம் துவைகல்லில் துணி அலசிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து அவித்த முட்டை இரண்டு.

"தோலு நீங்களே உரிங்க" என்றேன்.

உரித்தார்.

பிப்ரவரி 23

தாசில்தார் தீனியைப் பாதியில் விடுகிறது, பால் காணவில்லை. இரண்டு குட்டி மெலிவு. அவற்றை மூளியிடம் மாற்றி விட்டேன். டாக்டர் போனில் விவரம் கேட்டுவிட்டு, "சார் எவ்வளவுதான் கொடுத்தார்?" என்றார். இவருக்கே தெரியாது. சினையில் அளவு மீறிக் கொழுத்தால் ஈன்ற பிறகு தீனி எடுக்காதாம், பால் வற்றுமாம். மூன்று கிலோ என்றால் மூன்று கிலோ, பாசத்துக்கும் தராசு வேண்டும் என்றார். இவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். இந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும்.

மார்ச் 30

பால் மறக்கடித்தோம். ஐம்பத்தெட்டு குட்டி, நடுவில் ஒன்று போய்விட்டது. பத்து கிலோவுக்குக் குறைவானவை நான்குதான். சாயா குடித்துவிட்டுப் போனவர்கள் இன்று சாயா குடிக்காமலே பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஏப்ரல் 18

அஜிதாவுக்குப் பெண் குழந்தை. மூன்று கிலோ நூறு. தாயும் பிள்ளையும் சுகம். இரண்டு மாதமாக மைனி தம் கையால் முட்டை அவித்து, முன்னால் உட்கார்ந்து தின்ன வைத்தாராம். போதும் என்று அந்தப் பெண் அழுதாலும் விடவில்லையாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் குழந்தையைக் காட்டி, "எனக்க கைராசியாக்கும்" என்றார். நான் மறுக்கவில்லை.

ஜூன் 29

ஆறும் மறுபடி சினை. இன்று கடைசி மாதம் தொடங்குகிறது. பழைய அட்டையை இவரே கழற்றி, துடைத்து, அம்மா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். புதியதை என்னை எழுதச் சொன்னார். எனக்கு எழுத்து அழகில்லை என்றேன். "ஒனக்க கைதான் எழுதணும்" என்றார்.

டாக்டர் சொன்னது மூன்று கிலோ. நான் பேனாவோடு கொஞ்ச நேரம் நின்றேன். மேலே முற்றத்தில் இவர் இருமினார், கொட்டகைக்குள் மூளி எழுந்து நின்றது. இவர் சட்டைப் பை இப்போதே ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

கடைசி மாதம் இரண்டேமுக்கால் என்று எழுதி மாட்டினேன்.